வீட்டு வேலைக்கு வருபவர் சம்பளமும் ஒரு நோபல் பரிசும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமை இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். முகநூலில் நான் சண்டைக்குப் போகிறவள் இல்லை என்பது என் பழைய மாணவிகளுக்குத் தெரியும். ஆனால் "எகனாமிக்ஸ்" என்று பெயர் சொல்லி ஒருவர் ஒரு காரியம் செய்யும்போது, முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு அந்தப் பாடத்தை நடத்திச் சம்பளம் வாங்கியவள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

விஷயம் இதுதான். மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பெயர் வேண்டாம். நானும் அங்கேதான் குடியிருக்கிறேன். தீபாவளி நெருங்குகிறது, போனஸ் பேச்சு வரும் என்று தெரிந்தோ என்னவோ, எங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பாத்திரம் தேய்க்க மாதம் 1,200 ரூபாய், பெருக்கித் துடைக்க 1,500 ரூபாய், இதற்கு மேல் எந்த வீட்டாரும் தரக்கூடாது. ஒரு வீட்டிலிருந்து நின்றுவிட்டவரை இதே பிளாட்ஸில் இன்னொரு வீட்டார், முதல் வீட்டாரின் சம்மதம் இல்லாமல், வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றப் போகிறார்கள்.

நான் ஆட்சேபம் தெரிவித்தேன். வந்த பதில்: "டீச்சர், நீங்களே டிமாண்ட், சப்ளை எல்லாம் சொல்லிக் கொடுத்தவங்க. கூலியை ஏத்திக்கிட்டே போனா ஆள் வைக்கிறதையே விட்டுடுவாங்க, மிஷின் வாங்கிடுவாங்க. கடைசியில அவங்க பொழப்புதான் போகும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். எகனாமிக்ஸ் தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதிவு.

"கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும்" என்ற வாக்கியம் உண்மையா என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே அவர்களுக்கு உலகத்தின் பெரிய விருதுகள் கிடைத்திருக்கின்றன. 2021 அக்டோபர் 11-ஆம் தேதி பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை அறிவித்தபோது அதில் பாதியை டேவிட் கார்டு என்பவருக்குக் கொடுத்தார்கள். உழைப்பாளர் பொருளாதாரத்தில் அவர் செய்த கள ஆய்வுகளுக்காக என்று காரணமும் சொன்னார்கள். மறு பாதி, காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறியும் முறையை வகுத்ததற்காக ஆங்ரிஸ்ட், இம்பென்ஸ் இருவருக்கும் போனது. அன்று எங்கள் குழுவிலும் அந்தச் செய்தி ஃபார்வர்டாக வந்தது. கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மூன்று பெயரையும் மனப்பாடம் செய்தார்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

சொல்கிறேன். 1992 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. எல்லையை ஒட்டிய பென்சில்வேனியாவில் உயரவில்லை. கார்டும் அவருடைய சகா ஆலன் க்ரூகரும் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லையின் இரு பக்கமும் இருந்த பர்கர் கிங், கேஎஃப்சி போன்ற துரித உணவுக் கடைகளில் 410 கடைகளைக் கணக்கெடுத்தார்கள். கூலி உயர்வதற்கு முன் ஒரு முறை, உயர்ந்து சில மாதம் ஆன பின் ஒரு முறை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன சம்பளம், சாப்பாடு என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். இரண்டு மாநிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சாப்பாட்டு விலை கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். 1994-ல் கட்டுரை வெளிவந்தது.

பொருளாதார உலகமே கொதித்தது. வேறு இரண்டு ஆய்வாளர்கள் கடைகளின் சம்பளப் பட்டியலை வைத்து மறுத்து எழுதினார்கள். இவர்கள் அரசின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தை வைத்துப் பதில் எழுதினார்கள். அந்த வாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் கூலியை உயர்த்தலாம், ஒன்றுமே ஆகாது என்று கார்டும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று முடிந்துபோனது. "ஏற்றினால் வேலை போகும், இது விதி" என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லிவிட்டுப் போகும் காலம் முடிந்துபோனது. போகும் என்றால் எங்கே போனது, எத்தனை போனது என்று எண்ணிக் காட்ட வேண்டும். நோபலுக்கு முன்பே, 2006-ல், ஜெர்மனியின் பான் நகரில் இருந்த ஐஸா என்ற உழைப்பாளர் பொருளாதார நிறுவனம் தன் விருதை இந்த இருவருக்கும் சேர்த்தே கொடுத்தது. க்ரூகர் 2019-ல் இறந்துவிட்டார். இறந்தவருக்கு நோபல் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதால் 2021-ல் அவர் பெயர் இல்லை.

சரி, பாடப்புத்தகம் பொய் சொல்கிறதா? இல்லை. விலை ஏறினால் தேவை குறையும் என்ற வரைபடத்தைக் கரும்பலகையில் ஆயிரம் முறை போட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே "மற்றவை மாறாதிருக்கும்போது" என்று ஒரு வரி உண்டு. அதை எழுதாமல் விட்ட மாணவிக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். எங்கள் அசோசியேஷன்காரர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள். அந்த வரைபடத்தில் வேலை கொடுப்பவர் நிறையப் பேர், வேலை செய்பவர் நிறையப் பேர், யாரும் யாரையும் விட்டு நினைத்தபோது விலகிப் போகலாம். நிஜத்தில் அப்படியா இருக்கிறது?

தி. நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போங்கள். ஜவுளிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் நிற்கிற பிள்ளைகளில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். தங்குவதற்கு இடமும் சாப்பாடும் கடையின் பொறுப்பு. "அங்காடித் தெரு" படம் 2010-லேயே அந்த வாழ்க்கையைக் காட்டியது. வேலையை விட்டால் அன்று ராத்திரி படுக்கப் பாயும் போய்விடும் என்றால், பக்கத்துக் கடையில் 500 ரூபாய் அதிகம் தருகிறார்கள் என்று ஒரு பெண் எப்படிக் கிளம்புவாள்? விலகிப் போக முடியாதவருக்கு, அவருடைய உழைப்பின் மதிப்பைவிடக் குறைத்துக் கொடுத்தாலும் ஆள் நிற்கும். அப்படிக் குறைத்துக் கொடுக்கிற இடத்தில் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினால் வேலை போவதில்லை, முதலாளி அமுக்கி வைத்திருந்த பங்கில் கொஞ்சம் கைமாறுகிறது. கார்டின் கண்டுபிடிப்புக்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கங்களில் இது ஒன்று.

இப்போது எங்கள் சுற்றறிக்கையின் இரண்டாவது விதியைப் படியுங்கள். ஒரு வீட்டில் நின்றவரை இன்னொரு வீட்டார் எடுக்கக் கூடாது. எடுத்தால் முதல் வீட்டார் சம்மதம் வேண்டும். அதாவது, அந்த அம்மா விலகிப் போகும் வழியை அடைக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், க்ரூகர் தன் கடைசிக் காலத்தில் ஆராய்ந்ததே இதைத்தான். அமெரிக்காவில் ஒரே பெயரில் கிளைகள் நடத்தும் பெரிய நிறுவனங்களில் பாதிக்கும் மேல், "ஒரு கிளையின் ஆளை மற்றக் கிளை எடுக்கக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்ததை அவரும் ஓர்லி ஆஷென்ஃபெல்டரும் 2017-ல் எடுத்துக் காட்டினார்கள். அது வெளிவந்தபின் அங்கே வழக்குகள் வந்தன, பல நிறுவனங்கள் அந்தப் பிரிவை நீக்கின. அங்கே நீக்கியதை மயிலாப்பூரில் நாம் புதிதாகச் சேர்க்கிறோம், எகனாமிக்ஸ் என்ற பெயரில்.

இன்னொன்று. டிமாண்டும் சப்ளையும்தான் கூலியைத் தீர்மானிக்கும் என்றால் உங்களுக்கு எதற்கு ஐயா தீர்மானம்? சந்தையை அதன் போக்கில் விடுங்களேன்! நாற்பது வீட்டார் கூடி "இதற்கு மேல் தரமாட்டோம்" என்று கையெழுத்துப் போடுவதற்குச் சந்தை என்று பெயர் இல்லை, கூட்டுச் சதி என்று பெயர். முதலாளிகள் கூலியை ஏற்றாமலிருக்க எப்போதும் எங்கும் சத்தமில்லாமல் கூடிக்கொள்கிறார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். அவர் கம்யூனிஸ்ட் இல்லை. உங்கள் டிமாண்ட், சப்ளைக்கெல்லாம் அவர்தான் தாத்தா. இதே காரியத்தை வேலைக்கு வரும் பெண்கள் செய்து, "நாற்பது வீட்டுக்கும் இனி 3,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் வரமாட்டோம்" என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் நம் குழு என்ன பேசும்? "யூனியன் வெச்சு மிரட்டுறாங்க" என்று பேசும்.

எங்கள் பிளாட்ஸுக்கு வேலைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் மயிலாப்பூர்க் குப்பங்களிலேயே இருந்தவர்கள். இன்றைக்குக் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடிகாலையில் பஸ் ஏறி வருகிறார்கள். ஊருக்கு அழகு சேர்க்கிறோம் என்று அவர்களை இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தது அரசு. பாத்திரம் தேய்க்க மட்டும் ஆறரை மணிக்கு வந்து நிற்க வேண்டும் என்கிறோம் நாம். 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று அறிவித்தபோது "ஓசி பஸ்" என்று சிரித்தவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு. அந்த ஓசி பஸ் என்ன செய்தது என்று யோசித்துப் பார்த்தார்களா? மயிலாப்பூரில் கட்டுப்படியாகவில்லை என்றால் அடையாறுக்குப் போகலாம், அடையாறில் இல்லையென்றால் திருவான்மியூரில் கேட்டுப் பார்க்கலாம். டிக்கெட் காசு தடுக்காது. விலகிப் போகும் வழியை அது கொஞ்சம் திறந்துவிட்டது. "முன்ன மாதிரி ஆள் கிடைக்கிறதில்ல, ரேட் பேசுறாங்க" என்று லிஃப்டில் புலம்புகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பேரம் பேச முடிகிறது என்றால் சந்தை இப்போதுதான் சந்தையாகிறது. அதைப் பிடிக்காமல்தானே சுற்றறிக்கை?

இந்த "வேலை போகும்" பூச்சாண்டியை நாம் முதல் முறை பார்க்கவில்லை. கார்டுக்கு நோபல் கிடைத்த அதே 2021-ல், அதற்கு ஒரு மாதம் முன்பு, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார விட வேண்டும். அவ்வளவுதான். 2018-ல் கேரளம் செய்ததை நாம் இரண்டாவதாகச் செய்தோம். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்கள் கேட்டது ஒரு ஸ்டூல். அப்போதும் வியாபாரம் கெடும், ஒழுங்கு கெடும் என்று பேசியவர்கள் இருந்தார்கள். பாண்டி பஜாரில் எந்தக் கடை ஸ்டூல் போட்டதால் மூடியது? ஒரு கடையைக் காட்டட்டும். எதிரே இருக்கிற கடைக்காரர் இன்னொரு மாடி எழுப்பியதைத்தான் நான் பார்க்கிறேன். சட்டம் வந்தும் பல கடைகளில் இன்னும் ஸ்டூல் வரவில்லை என்பது வேறு சோகம். தீபாவளிப் புடவை எடுக்கப் போகிறவர்கள் அடுத்த முறை கவுண்டருக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

"அமெரிக்கக் கணக்கெல்லாம் நம்ம ஊருக்கு ஆகுமா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதிலும் நம் ஊரிலேயே இருக்கிறது. உழைப்பவரைப் போய்ப் பார்த்துக் கணக்கெடுப்பது சென்னைக்குப் புதிதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன என்று எழுதிவரச் சொன்னார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு அதில் ஒன்று. அதே ஊருக்கு 1930-களில் வேறு பேராசிரியர்கள் போனார்கள். 1980-களில் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் போனார்கள். ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி உறவு தொண்ணூறு வருஷத்தில் எப்படி மாறியது என்று நம்மிடம் எழுத்தில் இருக்கிறது. உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

குஹனும் நாகராஜும் வேலை செய்த சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறு காந்தி நகரில் இருக்கிறது. மால்கம் ஆதிசேஷையா 1971-ல் தொடங்கியது. அவர் பெயரிலும் அவர் மனைவி எலிசபெத் பெயரிலும் உள்ள அறக்கட்டளை, வளர்ச்சி ஆய்வுகளுக்காக ஒரு விருது கொடுக்கிறது. 2022-ல் பிரபாத் பட்நாயக்குக்கும் 2023-ல் உத்சா பட்நாயக்குக்கும் கொடுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் யாருக்கு நோபல் என்று அஞ்சு நிமிஷத்தில் ஃபார்வர்ட் செய்கிற எங்கள் குழுவில், மூன்று கிலோமீட்டரில் இருக்கிற இந்த விருதைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை. போகட்டும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பிறந்தபோது தலைவராக இருந்த பி.பி. வாடியா அடையாறு தியாசாபிகல் சொசைட்டிக்காரர். திரு.வி.க. அவருடன் நின்றார். பெரம்பூர் மில் தொழிலாளிக்கு மதியம் சாப்பிட நேரம் போதவில்லை என்று அடையாறிலிருந்து போய்க் கேட்டவர்கள் இருந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் பாத்திரம் தேய்ப்பவருக்கு 1,200 ரூபாய் உச்சவரம்பு போடுகிறோம்.

வீட்டு வேலைக்கு ஏன் இவ்வளவு குறைத்து மதிப்புப் போடுகிறோம்? அதையே வீட்டுப் பெண் செய்தால் ஒன்றுமே கொடுப்பதில்லை, அதனால்தான். 2023-ல் நோபல் வாங்கிய க்ளாடியா கோல்டின் பழைய அமெரிக்க ஆவணங்களைத் தோண்டியபோது, பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் உழைத்த பெண்களுக்கு நேரே தொழில் என்ற இடத்தில் "மனைவி" என்று மட்டும் எழுதியிருந்ததைக் கண்டார். நம் ஊரிலும் 2019-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிஷம் என்று சொன்னது. அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு பகுதியை நம் வீட்டில் வந்து இறக்கி வைத்துவிட்டு, தன் வீட்டில் மறுபடி அதே வேலையைத் தொடங்குகிறவர்தான் அந்த அம்மா. நம் மகள்களும் மருமகள்களும் ஐ.டி. கம்பெனிக்குப் போக முடிகிறதென்றால் அந்த அம்மா ஏழு மணிக்கு மணி அடிப்பதால்தான். அவர் ஒரு நாள் வராவிட்டால் குழுவில் எத்தனை செய்தி விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். டிமாண்ட் எவ்வளவு என்று அதில் தெரியும்.

கடைசியாக ஒரு நியாயமான ஆட்சேபம். "நாங்க பென்ஷன்காரங்க. எங்களால எப்படி ஏத்திக் கொடுக்க முடியும்?" கஷ்டப்படும் மூத்தவர்கள் எங்கள் பிளாட்ஸிலேயே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. முடியாதவர்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்லலாம். ஆனால் நானும் என்னைப் போன்றவர்களும் அந்தச் சாக்கைச் சொல்லக் கூடாது. அரிசி, பருப்பு விலை ஏறியது என்று எங்கள் ஓய்வூதியத்தில் ஜனவரிக்கு ஒரு முறை, ஜூலைக்கு ஒரு முறை அகவிலைப்படியைக் கூட்டச் சொல்லி வாங்குகிறோம். ஒரு தவணை தள்ளிப்போனால் சங்கம் வைத்துப் போராடுகிறோம். அதே அரிசியைத்தான் அந்த அம்மாவும் வாங்குகிறார். அவருக்கு எந்த ஜூலை?

ஆகவே பொதுக்குழுவில் நான் வைக்கப் போவதை இங்கேயே எழுதிவிடுகிறேன். உச்சவரம்புத் தீர்மானத்தையும் ஆள் எடுக்கத் தடையையும் கைவிட வேண்டும். அதற்குப் பதிலாக: அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அத்தனை சதவீதம் ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் சம்பளத்தில் ஏற்ற வேண்டும். மாதத்தில் நான்கு நாள் சம்பளம் பிடிக்காத விடுமுறை. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். 2018-ல் வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலியை அரசு அறிவித்திருக்கிறது. அதன் இப்போதைய விகிதத்தை வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும், அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. 2007-லிருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. வருகிற எல்லோருக்கும் அதில் பதிவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும்.

இதைச் செய்துவிட்டு ஒரு வருஷம் கழித்து எண்ணுவோம். எத்தனை வீட்டார் ஆளை நிறுத்தினார்கள், எத்தனை வீட்டில் மிஷின் வந்தது என்று நானே நோட்டில் எழுதி வைக்கிறேன். பக்கத்து பிளாட்ஸில் பழைய கூலிதான் ஓடுகிறது, அங்கேயும் எண்ணலாம். வேலை போகிறது என்று கணக்குக் காட்டினால் உட்கார்ந்து பேசத் தயார். கணக்கு இல்லாமல் "எகனாமிக்ஸ்" என்று மட்டும் சொன்னால், வகுப்பில் சொன்னதைத்தான் அங்கேயும் சொல்வேன்: எழுந்து நின்று, விடையைப் படிப்படியாகச் சொல்லு.

ஞாயிறு காலை பத்து மணி, மொட்டை மாடி. எங்கள் பிளாட்ஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால் வந்து கை தூக்குங்கள். வேறு பிளாட்ஸ்காரர்கள் உங்கள் குழுவில் இப்படி ஒரு சுற்றறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் பதிவை அங்கே போடுங்கள்.